பெயர் அதேதான், நம்பர் மாறிவிட்டது: கெர்னலில் இருக்கும் டிஎன்எஸ் கேஷை எப்படி அழிப்பது?

#1 மடிவாளா_வாசி · ஞாயிறு இரவு 11.48

பெல்லந்தூர் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் சிஸ்டம் அட்மின். எட்டு மாதம்தான் ஆகிறது, அசட்டுக் கேள்வியாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று இரவு ஸ்டோரேஜ் பெட்டியின் ஐபியை மாற்றினோம். 10.20.4.15 ஆக இருந்தது 10.20.4.60 ஆனது. பெட்டி அதேதான், டிஸ்க் அதேதான், நெட்வொர்க்கும் அதேதான். உள் டிஎன்எஸ்ஸில் (பெயருக்கு ஐபி சொல்லும் சேவை) பதிவைத் திருத்தியாயிற்று, டிடிஎல் (பதிலைக் கேஷில் வைத்திருக்கலாம் என்ற காலம்) 300 விநாடி. 14 லினக்ஸ் மெஷின்கள் அதைப் பெயரைக் கொண்டுதான் மவுண்ட் செய்திருக்கின்றன (தங்கள் சொந்த டிஸ்க் மாதிரி இணைத்திருக்கின்றன), ஐபி எங்கும் எழுதவில்லை. அதனால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பி டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் எல்லா மெஷினிலும் என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே கோப்பு பகிரும் முறை) மவுண்ட் செத்துக் கிடக்கிறது. டிஸ்க் இடம் பார்க்க டிஎஃப் என்று அடித்தால் டெர்மினல் அப்படியே நின்றுவிடுகிறது. கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) லாகில் ‘சர்வர் பதில் தரவில்லை, இன்னும் முயல்கிறேன்’ என்ற வரி மட்டும் வருகிறது. ஆனால் அதே மெஷினிலிருந்து பிங் போட்டால் புது ஐபிக்குப் போகிறது. டிஎன்எஸ்ஸைக் கேட்கும் டிக் கமாண்ட் போட்டாலும் புது ஐபிதான்.

இதில் எனக்குத் தலை சுற்றுவது என்னவென்றால், அதே பெட்டியிலிருந்து ஒரு ஷேரை சாம்பா என்ற இன்னொரு பகிர்வு முறை வழியாகவும் மவுண்ட் செய்திருக்கிறோம். அது நான் கை வைக்காமலேயே சில நிமிடத்தில் எழுந்துவிட்டது!

ஆக, என்எஃப்எஸ்ஸுக்கு மட்டும் கெர்னலில் பழைய பதிவு கேஷில் தங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். டிராப்_கேஷஸ்ஸில் 3 எழுதிப் பார்த்தேன். பெயர்களைக் கேஷ் செய்யும் ரிசால்வ்டு சர்வீஸின் கேஷை அழித்தேன். அதே மாதிரி வேலை செய்யும் என்எஸ்சிடி ஓடவே இல்லை. கெர்னலின் டிஎன்எஸ் கேஷை அழிக்க கமாண்ட் என்ன?

ரீபூட் செய்தால் சரியாகும் என்று தெரியும். 13 மெஷினைச் செய்துவிட்டேன். பதினான்காவதில் வியாழக்கிழமையிலிருந்து ஒரு வேலை ஓடுகிறது, இன்னும் ஒரு நாள் பாக்கி. ‘அதை மட்டும் தொடாதே’ என்று டீம் லீட் சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.


#2 சில்க்போர்டு_சிக்னல் · ஞாயிறு இரவு 11.55

லீட் தூங்கும்போதே ரீபூட் பண்ணிடுங்க ப்ரோ. காலையில் கரண்ட் போச்சு என்று சொல்லலாம். பெங்களூரில் யார் சந்தேகப்படப் போகிறார்கள்.


#3 அல்சூர்_அக்கா · திங்கள் காலை 6.20

தம்பி, ரீபூட் செய்யாதே. முதலில் கேள்வியையே மாற்ற வேண்டும். நீ தேடுகிற கேஷ் இல்லை. லினக்ஸ் கெர்னல் டிஎன்எஸ் பார்ப்பதில்லை, அதனால் கேஷும் வைத்துக்கொள்வதில்லை. டிராப்_கேஷஸ் அழிப்பது டிஸ்க்கிலிருந்து படித்த கோப்புப் பக்கங்களையும் டைரக்டரித் தகவல்களையும்தான், அதற்கும் பெயருக்கும் சம்பந்தம் கிடையாது.

ஹெச்எஸ்ஆர் லேஅவுட்டில் ஆட்டோ ஏறி வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிப் பார். எத்தனையாவது மெயின், எத்தனையாவது கிராஸ் என்றுதான் கேட்பார். கெர்னலும் அப்படி. கனெக்ட் என்ற சிஸ்டம் காலுக்கு (புரோகிராம் கெர்னலிடம் வைக்கும் கோரிக்கை) நீ கொடுப்பது நான்கு பைட் ஐபி, இரண்டு பைட் போர்ட். ஐபிவி6 என்றால் பதினாறு பைட். பெயரைப் போட அந்த அமைப்பில் இடமே இல்லை.

பெயரை நம்பராக மாற்றுவது உன் புரோகிராமுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும் சி லைப்ரரி. கெட்அட்ரின்ஃபோ என்ற ஃபங்ஷன். நம்பாவிட்டால், ஒரு புரோகிராம் கெர்னலிடம் கேட்பதையெல்லாம் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டுப் பார். ‘கெட்என்ட் அஹோஸ்ட்ஸ்’ கமாண்டோடு போடு, கர்ல் வேண்டாம். கர்ல் பெயர் தேடுவதைத் தனி திரெட்டில் செய்யும், மைனஸ் எஃப் போட மறந்தால் ஒன்றும் தெரியாது. நான் முதல் தடவை ஒரு மணி நேரம் அப்படித்தான் முழித்தேன்.

உன் என்எஃப்எஸ் கதையும் இதேதான். மவுண்ட் கமாண்ட் அடித்ததும் மவுண்ட்.என்எஃப்எஸ் என்ற சாதாரண புரோகிராம் பெயரைத் தேடி, கிடைத்த ஐபியை ‘அட்ரஸ்’ ஆப்ஷனாகக் கெர்னலிடம் கொடுத்துவிட்டு வெளியேறிவிடும். /ப்ராக்/மவுண்ட்ஸ் கோப்பைத் திற. உன் வரியின் கடைசியில் பழைய ஐபி உட்கார்ந்திருக்கும். கெர்னலுக்கு சர்வரின் பெயரும் தெரியும், ஆனால் லாகில் எழுதவும் கெர்பராஸ் மாதிரியான அடையாளச் சரிபார்ப்பு வேலைக்கும்தான். இணைப்பு அறுந்தால் அதே நம்பரைத்தான் மறுபடி தட்டும். ஹார்டு மவுண்ட் என்றால் தட்டிக்கொண்டே இருக்கும்.

டிடிஎல் 300 என்றாயே, அது யாருக்கு? கேட்பவருக்குத்தான் டிடிஎல். மவுண்ட் செய்த நாளில் ஒரு தடவை கேட்டதோடு சரி.

சாம்பா மட்டும் எப்படி எழுந்தது என்று மாலை வந்து பார்க்கிறேன், இப்போது பஸ் வந்துவிட்டது.


#4 மடிவாளா_வாசி · திங்கள் காலை 9.35

அக்கா, பார்த்துவிட்டேன். /ப்ராக்/மவுண்ட்ஸில் வரி முடிகிற இடத்தில் 10.20.4.15. முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இரண்டு நாளாக எதைத் தேடினேனோ அது ஒரு கேட் தூரத்தில் இருந்திருக்கிறது.

எஸ்ட்ரேஸும் போட்டேன். புரிந்ததை எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள்.

முதலில் என்எஸ்சிடியின் யுனிக்ஸ் சாக்கெட்டைத் திறக்கப் பார்க்கிறது, இல்லை என்று வருகிறது. உடனே இன்னொரு தடவையும் பார்க்கிறது (ஏன் இரண்டு தடவை?). அப்புறம் /ஈடிசி/என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப், ரிசால்வ்.கான்ஃப், ஹோஸ்ட்ஸ் என்று ஒவ்வொன்றாகத் திறந்து படிக்கிறது. பிறகு ஒரு யூடிபி சாக்கெட், 127.0.0.53க்கு, போர்ட் 53. அதில் சென்ட்எம்எம்எஸ்ஜி என்ற ஒரே காலில் இரண்டு பாக்கெட்டுகள். பிறகு போல், ரெசீவ்ஃப்ரம், க்ளோஸ்.

கெர்னல் செய்தது கோப்பைத் திறந்து கொடுத்ததும் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போனதும்தான். அது டிஎன்எஸ் பாக்கெட் என்பதே அதற்குத் தெரிந்த மாதிரி இல்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. ஒரு வெளித்தளத்தின் பெயரைப் போட்டுப் பார்த்தபோது, பதில் வந்த பிறகு, கிடைத்த ஒவ்வொரு ஐபிக்கும் ஒரு யூடிபி சாக்கெட் திறந்து கனெக்ட் செய்கிறது. எதையும் அனுப்பவில்லை. கெட்சாக்நேம் கேட்டுவிட்டு மூடிவிடுகிறது. போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பில் ஒரு பாக்கெட்டும் இல்லை. இது எதற்கு?


#5 பழைய_யுனிக்ஸ் · திங்கள் காலை 10.10

நல்ல கண் உங்களுக்கு. பலர் அந்த வரிகளைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

யூடிபி சாக்கெட்டில் கனெக்ட் செய்தால் பாக்கெட் போகாது. கெர்னல் தன் ரூட்டிங் டேபிளைப் பார்த்து, ‘இந்த இடத்துக்கு அனுப்புவதானால் எந்த சோர்ஸ் ஐபியிலிருந்து அனுப்புவேன்’ என்று முடிவு செய்து வைக்கும். கெட்சாக்நேம் அந்த முடிவைப் படித்துக்கொள்ளும். கிடைத்த பல ஐபிகளில் எதை முதலில் கொடுப்பது என்று வரிசைப்படுத்த லைப்ரரிக்கு இது வேண்டும். ஐபிவி6 பதில் வந்திருக்கிறது, ஆனால் உங்கள் மெஷினில் ஐபிவி6 வழியே இல்லை என்றால் கனெக்ட் தோற்கும், அந்த முகவரி பின்னால் தள்ளப்படும். வரிசை விதிகள் ஆர்எஃப்சி 6724 என்ற இணைய விதி ஆவணத்தில் இருக்கின்றன. பெயர் தேடலில் கெர்னலிடம் மனதாரக் கேட்கும் ஒரே கேள்வி இதுதான் என்பேன், அதுவும் பெயரைப் பற்றியது இல்லை.

டிஎன்எஸ் எனக்குத் தெரிந்தே இப்படித்தான். 1983இல் டிஎன்எஸ்ஸை வடிவமைத்த மொக்கபெட்ரிஸ் முதல் ஆர்எஃப்சிகளை எழுதினார், 882, 883. இன்று நாம் புழங்கும் 1034, 1035 இரண்டும் 1987. அதற்கு முன்னால் ஹோஸ்ட்ஸ்.டெக்ஸ்ட் என்று ஒரே கோப்பு, அதை எல்லோரும் இறக்கி வைத்துக்கொள்வார்கள். கோப்பைப் படிக்க கெர்னல் எதற்கு? லைப்ரரியில் ஒரு ஃபங்ஷன் போதும். கோப்பு போய் டிஎன்எஸ் வந்தபோது, அந்த ஃபங்ஷனின் வயிற்றுக்குள் நெட்வொர்க்கை வைத்துத் தைத்தார்கள். வெளியே இருந்து பார்க்கிற புரோகிராமுக்கு ஒன்றும் மாறவில்லை.

பெல் லேப்ஸின் பிளான் 9 ஓஎஸ் மட்டும் வேறு வழியில் போனது. அங்கே /நெட்/சிஎஸ் என்று ஒரு கோப்பு. அதில் பெயரை எழுதி, திரும்பப் படித்தால் எந்த முகவரிக்கு எப்படி இணைய வேண்டும் என்று வரும். பார்க்கக் கெர்னல் தருவது மாதிரி இருக்கும், உண்மையில் பின்னால் உட்கார்ந்து பதில் சொல்வது ஒரு சாதாரண புரோகிராம். அழகான வேலை. உலகம் அந்தப் பக்கம் திரும்பவில்லை, என்ன செய்வது.


#6 ஓசூர்_பஸ் · திங்கள் பிற்பகல் 1.25

அக்கா சொன்னதில் ஒரு வரிக்கு மட்டும் ஆட்சேபம். ‘லினக்ஸ் கெர்னல் டிஎன்எஸ் பார்ப்பதில்லை, கேஷும் வைத்துக்கொள்வதில்லை’ என்பது முழு உண்மை இல்லை. மடிவாளாவின் சாம்பா மர்மத்துக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

கெர்னல் மூலத்தில் நெட் டைரக்டரிக்குள் டிஎன்எஸ்_ரிசால்வர் என்று ஒரு சின்ன மாட்யூல் உண்டு. 2010இல் 2.6.36 பதிப்போடு தனி மாட்யூலாக வந்தது, அதற்கு முன் சிஐஎஃப்எஸ்ஸுக்குள் (சாம்பா ஷேரை மவுண்ட் செய்யும் கெர்னல் பகுதி) இருந்தது. உள்ளே டிஎன்எஸ்_குவெரி என்று ஒரு ஃபங்ஷன். சிஐஎஃப்எஸ், ஏஎஃப்எஸ், செஃப் மாதிரியான நெட்வொர்க் கோப்பு முறைகள் எல்லாம் அதைக் கூப்பிடும். என்எஃப்எஸ் பதிப்பு 4உம் கூப்பிடும், ஆனால் ‘இந்தக் கோப்புகள் வேறு சர்வருக்குப் போய்விட்டன, அங்கே போ’ என்று சர்வரே கைகாட்டும்போது மட்டும்.

இதில் ரசிக்க வேண்டிய இடம், அந்த மாட்யூலும் டிஎன்எஸ் பாக்கெட் எழுதாது. கெர்னலுக்குள் சாவி வளையம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, பாஸ்வேர்டு, கெர்பராஸ் டிக்கெட் எல்லாம் வைக்கும் இடம். டிஎன்எஸ்_ரிசால்வர் என்ற வகையில் இந்தப் பெயருக்கு ஒரு சாவி இருக்கிறதா என்று அங்கே தேடும். இருந்தால் அதற்குள் ஐபி இருக்கும், எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் கெர்னலே /எஸ்பின்/ரிக்வெஸ்ட்-கீ என்ற வெளிப் புரோகிராமைக் கிளப்பிவிடும். அது தன் கான்ஃபிக் கோப்பைப் பார்த்து கீ.டிஎன்எஸ்_ரிசால்வர் என்ற இன்னொன்றைக் கூப்பிடும். அது வழக்கம்போல் லைப்ரரியிடம் கேட்டு, பதிலைச் சாவிக்குள் போட்டு, காலாவதி நேரம் குத்திவிட்டு முடித்துக்கொள்ளும். அதுவரை கெர்னல் காத்திருக்கும்.

அக்காவின் ஆட்டோக் கணக்கில் சொன்னால், ஆட்டோக்காரர் வண்டியை ஓரமாக நிறுத்தி டீக்கடையில் விசாரிக்கிறார்.

சிஐஎஃப்எஸ் 5.0 கெர்னலிலிருந்து, இணைப்பு அறுந்து மறுபடி இணையும்போது பெயரைப் புதிதாக இப்படி விசாரிக்கும். என்எஃப்எஸ் விசாரிக்காது. அதனால்தான் ஒன்று எழுந்தது, ஒன்று எழவில்லை.

மடிவாளா, ரூட்டாக /ப்ராக்/கீஸ் கோப்பைப் பாருங்கள். வகைப் பெயருக்கு அங்கே ஒன்பது எழுத்துதான் இடம், அதனால் டிஎன்எஸ்_ரிசால்வர் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். பக்கத்தில் இன்னும் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்றும் இருக்கும். காலாவதி ஆகியிருந்தால் காணாமலும் போயிருக்கலாம், சாம்பா மறுபடி கேட்கும்போது வரும்.


#7 அல்சூர்_அக்கா · திங்கள் மாலை 7.40

ஒத்துக்கொள்கிறேன். ‘கேஷ் வைத்துக்கொள்வதில்லை’ என்று அடித்துச் சொன்னது தப்பு. இருந்தாலும் கேட்கிற வேலையை அது தானே செய்வதில்லை என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஓசூர் சொன்ன வழியில் ஒரு குழி உண்டு, விழுந்தவள் என்பதால் சொல்கிறேன். கீயூட்டில்ஸ் என்ற பேக்கேஜ் இல்லாத மெஷினில் ரிக்வெஸ்ட்-கீ இருக்காது. கெர்னல் கூப்பிடும், ஆள் இருக்க மாட்டார், பெயர் கிடைக்கவில்லை என்று மவுண்ட் தோற்கும். சின்னதாக இமேஜ் செய்கிறோம் என்று எல்லாவற்றையும் உருவி எறிகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

இன்னொன்று, கண்டெய்னருக்குள்ளிருந்து (ஹோஸ்ட் மெஷினுக்குள் தனியாக அடைத்து ஓட்டும் சூழல்) இந்த விசாரணை கிளம்பினாலும் அந்தப் புரோகிராம் ஓடுவது வெளியே, ஹோஸ்ட்டின் சூழலில். கண்டெய்னரின் ரிசால்வ்.கான்ஃப் ஒன்று, ஹோஸ்ட்டுடையது வேறு என்றால் பதிலும் வேறு. போன மழைக்காலத்தில் இரவு இரண்டு மணி வரை இதற்காக உட்கார்ந்திருந்தேன். அந்த ஆபீஸின் பெயர் வேண்டாம், காபி மட்டும் நன்றாக இருக்கும்.


#8 முதல்_பெஞ்ச் · திங்கள் இரவு 8.15

ஃபைனல் இயர் மாணவன். சும்மா படித்துக்கொண்டிருந்தேன், ஒரு கேள்வி. இவ்வளவு சுற்றுவதற்குப் பதில் டிஎன்எஸ்ஸை கெர்னலுக்குள்ளேயே வைத்துவிட்டால் என்ன? கனெக்ட்டுக்குப் பெயரையே கொடுக்கலாம். எல்லா புரோகிராமுக்கும் ஒரே கேஷ். டிசிபியே கெர்னலில் இருக்கும்போது டிஎன்எஸ் என்ன பெரிய விஷயம் சார்?


#9 பழைய_யுனிக்ஸ் · திங்கள் இரவு 9.30

தம்பி, பல வருடமாக எல்லோரும் ஒருமுறை கேட்டுவிட்டுப் போகும் கேள்வி இது. தப்பே இல்லை.

முதல் காரணம் பயம். டிஎன்எஸ் பதில் என்பது முன்பின் தெரியாத யாரோ அனுப்பும் பைட்டுகள். அதிலும் பெயர்களைச் சுருக்கி எழுத ஒரு தந்திரம் உண்டு, ‘மீதிப் பெயர் இந்தப் பாக்கெட்டிலேயே பன்னிரண்டாவது பைட்டில் இருக்கிறது பார்’ என்று சுட்டும். சுட்டுவது தன்னையே சுட்டினால்? இதைப் பிரித்துப் படிக்கும் நிரலில் எத்தனையோ பேர் வழுக்கியிருக்கிறார்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியின் கெட்அட்ரின்ஃபோவில் ஒரு ஓட்டை வெளியே வந்தது, சிவிஇ-2015-7547. 2048 பைட் ஸ்டாக் பஃபர், பெரிய பதில் வந்தால் வழிந்துவிடும். 2008இல் வந்த 2.9 பதிப்பிலிருந்தே அது அங்கே இருந்தது. லைப்ரரியில் இருந்ததால் தாக்கியவன் கையில் ஒரு புரோகிராம் சிக்கும். கெர்னலில் இருந்திருந்தால் மெஷினே சிக்கியிருக்கும்.

இரண்டாவது, பெயர் தேடல் என்றால் டிஎன்எஸ் மட்டும் இல்லை. என்எஸ்ஸ்விட்ச் கோப்பைத் திறந்து ஹோஸ்ட்ஸ் வரியைப் பார். ஃபைல்ஸ், எம்டிஎன்எஸ், ரிசால்வ், டிஎன்எஸ் என்று ஒரு ஊர்வலமே இருக்கும். ஆபீஸ் விபிஎன்னில் இருக்கும்போது உள் பெயர்கள் ஒரு சர்வருக்கு, மற்றவை வேறு சர்வருக்கு. இப்போது எச்டிடிபிஎஸ் மேல் டிஎன்எஸ் வேறு வந்துவிட்டது. டிஎல்எஸ் சான்றிதழைச் சரிபார்க்கும் வேலையையும் கெர்னல் தலையில் கட்ட முடியுமா? கொள்கை மாறிக்கொண்டே இருக்கும் விஷயத்தை அடியில் புதைக்கக் கூடாது.

மற்ற ஊர்களிலும் இப்படித்தான். விண்டோஸில் டிஎன்எஸ் கிளையன்ட் என்று ஒரு சர்வீஸ். மேக்கில் எம்டிஎன்எஸ்ரெஸ்பாண்டர். யோசெமிட்டியில் அதை எடுத்துவிட்டு டிஸ்கவரிடி என்று ஒன்றை வைத்து, பிரச்சினை தாங்காமல் 10.10.4இல் பழையதையே திரும்ப வைத்தார்கள். டீமன் (பின்னணியில் ஓடும் புரோகிராம்) என்பதால் மாற்றி மாற்றி வைக்க முடிந்தது. ஆண்ட்ராய்டில் ஆப்கள் நேராகக் கேட்பதில்லை, நெட்டி என்ற டீமனிடம் கொடுத்துவிடும்.

உன் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கெட்அட்ரின்ஃபோ முடியும் வரை திரெட் நின்றுவிடும், ஈபோலில் (பல வேலைகளுக்கு ஒரே இடத்தில் காத்திருக்கும் வசதி) போட்டுக் காத்திருக்க அதற்கு ஒரு ஃபைல் டிஸ்க்ரிப்டர் கிடையாது. நோட் ஜேஎஸ் அதை நான்கு திரெட் கொண்ட குளத்தில் தள்ளிவிடுகிறது. சில பெயர்கள் மெதுவான சர்வரில் மாட்டிக்கொண்டால் அடுத்த பெயர் தேடல்கள் வரிசையில் நிற்கும். சிஸ்டம் காலாக இருந்திருந்தால் இந்த அசிங்கம் இருந்திருக்காது.


#10 ஒயிட்ஃபீல்டு_மெட்ரோ · செவ்வாய் காலை 8.50

பர்ப்பிள் லைனில் நின்றுகொண்டே தட்டுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் மன்னிக்கவும்.

எல்லோரும் ‘கெர்னல் பாவம், பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது’ என்று பேசுகிறீர்கள். தூக்கிக்கொண்டு போகும் வழியில் அது ஒன்றைக் கீழே போட்டால்? பல மெஷின்களில் கண்டெய்னர்களை ஓட்டும் எங்கள் குபர்னெட்டீஸ் கிளஸ்டரில் அதுதான் நடந்தது.

அறிகுறி: பெரும்பாலான கோரிக்கைகள் சில மில்லிவிநாடியில் முடியும். நடுநடுவே ஒன்று மட்டும் ஐந்து விநாடி. நாலரை இல்லை, ஆறு இல்லை, அச்சு அசலாக ஐந்து. ஐந்து விநாடி என்று பார்த்தாலே ரிசால்வ்.கான்ஃப் ஞாபகம் வர வேண்டும். அங்கே டைம்அவுட் போடாவிட்டால் ஐந்து விநாடிதான்.

மடிவாளா எஸ்ட்ரேஸில் பார்த்தாரே, ஒரே காலில் இரண்டு பாக்கெட்டுகள், அவை ஐபிவி4 முகவரிக்கு ஒன்று, ஐபிவி6 முகவரிக்கு ஒன்று. இரண்டும் ஒரே சாக்கெட், ஒரே சோர்ஸ் போர்ட். கிளஸ்டரில் டிஎன்எஸ் சர்வரின் ஐபி போலி ஐபி, வழியில் கெர்னலின் டிநாட் விதி அதை ஒரு உண்மையான பாட் (கண்டெய்னர் ஓடும் அலகு) ஐபியாக மாற்றும். மாற்றியதை ஞாபகம் வைக்க இணைப்புகளைக் கணக்கு வைக்கும் கான்ட்ராக் டேபிளில் ஒரு பதிவு வேண்டும். அந்தப் பதிவு, பாக்கெட் வெளியேறும் கடைசிக் கட்டத்தில்தான் உறுதியாகும். இரண்டு பாக்கெட்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வேறு வேறு சிபியூவில் போனால், இரண்டுமே ‘எனக்குப் பதிவு இல்லையே’ என்று ஆளுக்கொன்று உருவாக்கும். முதலில் உறுதி செய்ததுக்கு இடம். இரண்டாவது பதிவை நுழைக்க முடியாமல் பாக்கெட்டையே கெர்னல் தூக்கி எறிந்துவிடும். எந்த லாகிலும் ஒரு வரி வராது. லைப்ரரி ஐந்து விநாடி காத்திருந்து மறுபடி கேட்கும்.

கண்டுபிடிக்க கான்ட்ராக் மைனஸ் எஸ் போட்டு இன்செர்ட்_ஃபெயில்டு எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். எங்களுக்கு ஏறியது. 5.0 கெர்னலில் இதில் பெரும்பகுதியைச் சரிசெய்தார்கள், நாங்கள் 4.15இல் இருந்தோம். ரிசால்வ்.கான்ஃபில் சிங்கிள்-ரிக்வெஸ்ட்-ரீஓப்பன் போட்டால் தப்பிக்கலாம், ஆனால் ஆல்பைன் என்ற லினக்ஸின் இமேஜில் இருக்கும் மஸில் என்ற சி லைப்ரரி அந்த ஆப்ஷனைக் கண்டுகொள்ளாது. கடைசியில் ஒவ்வொரு நோடிலும் ஒரு டிஎன்எஸ் கேஷ் வைத்து முடித்தோம்.

போதாக்குறைக்கு குபர்னெட்டீஸ் என்டாட்ஸ் 5 என்று வைத்திருக்கும். பெயரில் ஐந்து புள்ளிகளுக்குக் குறைவாக இருந்தால் முதலில் கிளஸ்டரின் பின்னொட்டுகளை ஒட்டி ஒட்டிக் கேட்டுப் பார்க்கும். ஒரு வெளிப் பெயருக்கு எட்டு பாக்கெட், எட்டு தடவை அதிர்ஷ்டப் பரிசோதனை. பெயரின் கடைசியில் ஒரு புள்ளி வைத்தால் இந்தச் சுற்றல் இல்லை.


#11 சில்க்போர்டு_சிக்னல் · செவ்வாய் காலை 9.05

கடைசியில் ஒரு புள்ளியா? எங்கள் கோடு ரிவ்யூவில் அதைத் தட்டச்சுப் பிழை என்று எடுத்துவிடுவார்கள்.


#12 ஓசூர்_பஸ் · செவ்வாய் பிற்பகல் 12.40

மெட்ரோ சொன்னதோடு சேர்த்து இன்னொன்று. டிஎன்எஸ் பதிலைப் போலி செய்ய வேண்டுமானால் 16 பிட் அடையாள எண்ணையும் சோர்ஸ் போர்ட்டையும் யூகிக்க வேண்டும். 2008இல் பாதுகாப்பு ஆய்வாளர் காமின்ஸ்கி காட்டிய தாக்குதலுக்குப் பிறகுதான் போர்ட்டைத் தாறுமாறாக மாற்றுவதை எல்லோரும் கட்டாயமாக்கினார்கள். 2020இல் சாட் டிஎன்எஸ் என்ற ஆய்வு அந்தப் போர்ட்டை லினக்ஸ் கெர்னல் மறைமுகமாகக் காட்டிக்கொடுக்கிறது என்று நிரூபித்தது. மூடிய போர்ட்டைத் தட்டினால் கெர்னல் ஐசிஎம்பியில் (நெட்வொர்க் பிழைச் செய்தி) ‘இங்கே யாருமில்லை’ என்று சொல்லும், ஆனால் மெஷின் முழுவதற்கும் சேர்த்து விநாடிக்கு இத்தனைதான் என்று ஒரு வரம்பு உண்டு. தாக்குபவன் பொய் முகவரியிலிருந்து ஒரு கொத்தாகத் தட்டிவிட்டு, கடைசியில் தன் சொந்த முகவரியிலிருந்து ஒன்று தட்டுவான். வரம்பு தீர்ந்துவிட்டதா, மிச்சம் இருக்கிறதா என்பதை வைத்தே கொத்தில் திறந்த போர்ட் ஒன்று இருந்ததா என்று தெரிந்துவிடும். 5.10இல் அந்த வரம்பைக் கொஞ்சம் தற்செயலாக ஆட்டிவிட்டு அடைத்தார்கள்.

டிஎன்எஸ் என்ற சொல்லே இல்லாத கெர்னல் நிரல் அது. ஓட்டை மட்டும் டிஎன்எஸ்ஸில்.


#13 கேஆர்புரம்_பாலம் · செவ்வாய் மாலை 6.30

மடிவாளாவுக்கு வந்தது எனக்கு வயர்கார்டு விபிஎன்னில் வந்தது. இங்கே ரூமிலிருந்து சேலத்து வீட்டுக்கு ஒரு டனல். வீட்டு பிராட்பேண்டின் ஐபி மாறிக்கொண்டே இருக்கும், அதனால் டைனமிக் டிஎன்எஸ் பெயர். கான்ஃபிக்கில் எண்ட்பாயிண்ட் என்று பெயரைத்தான் எழுதியிருந்தேன். ஊரில் கரண்ட் போய் வந்தால் டனல் செத்துவிடும். அம்மாவுக்கு ஃபோன் செய்து ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வேன். அது இன்னொரு புது ஐபி வாங்கிவரும், இன்னும் மோசம். அம்மா பொறுமையாக மூன்று தடவை ஆஃப் செய்து ஆன் செய்வார்.

வயர்கார்டு 5.6இலிருந்து கெர்னலுக்குள் இருக்கிறது. பெயரை ஐபியாக மாற்றுவது டபிள்யூஜி என்ற கமாண்ட், அதுவும் செட் செய்யும் அந்த ஒரு தடவை. கெர்னல் மாட்யூலுக்குப் போவது நம்பர். அவர்களே ஒரு ஸ்கிரிப்ட் கொடுத்திருக்கிறார்கள், ரீரிசால்வ்-டிஎன்எஸ் என்று. கடைசி ஹேண்ட்ஷேக் முடிந்து 135 விநாடிக்கு மேல் ஆகியிருந்தால் பெயரை மறுபடி கேட்டு எண்ட்பாயிண்ட்டைத் திரும்ப எழுதும். டைமரில் போட்டேன். அம்மா இப்போது ஃபோன் எடுத்தால் ‘ரௌட்டரா?’ என்று கேட்பதில்லை.

ஃபயர்வால் விதிகள் எழுதும் ஐபிடேபிள்ஸிலும் இதே பொறி. விதியில் பெயர் எழுதலாம், ஏற்றுக்கொள்ளும், அந்த நிமிடத்து ஐபியாக மாறி உறைந்துவிடும். அதன் மேனுவலே இது மோசமான யோசனை என்று எச்சரிக்கிறது.


#14 மடிவாளா_வாசி · செவ்வாய் இரவு 9.10

இவ்வளவு விளக்கமா! ஓசூர் அண்ணா, /ப்ராக்/கீஸில் வெட்டுப்பட்ட அந்த வரியைப் பார்த்தேன், சர்வர் பெயரோடு இருந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆனால் பதினான்காவது மெஷின் இன்னும் அப்படியே. வேலை டி ஸ்டேட்டில் (கோப்புக்காகக் காத்திருக்கும் நிலை) நிற்கிறது. ரீமவுண்ட் போட்டுப் பார்த்தேன், ஐபி மாறவில்லை. லேசி அன்மவுண்ட் செய்துவிட்டுப் புதிதாக மவுண்ட் செய்யலாமா?


#15 அல்சூர்_அக்கா · செவ்வாய் இரவு 9.25

செய்யாதே! லேசி அன்மவுண்ட் பெயரை மட்டும்தான் கழற்றும். ஓடிக்கொண்டிருக்கும் வேலை பழைய மவுண்டைப் பிடித்தபடியே பழைய ஐபியைத் தட்டிக்கொண்டிருக்கும். புது மவுண்ட் புது ஆட்களுக்குத்தான்.

கெர்னல் நம்பரைத்தான் தேடுகிறது என்று தெரிந்துவிட்டதல்லவா. அப்போது நம்பரைக் கொடுத்துவிடு. .15 வேறு யாருக்காவது கொடுத்தாயிற்றா? இல்லையென்றால் ஸ்டோரேஜ் பெட்டியில் அதே கார்டில் 10.20.4.15ஐ இரண்டாவது முகவரியாக ஏற்று. ஒரே வரி. அதே பெட்டி, அதே கோப்பு முறைமை என்பதால் கோப்பு அடையாளங்கள் மாறியிருக்காது. 90 விநாடி லீஸ் (திறந்த கோப்புகளுக்கு சர்வர் தரும் தவணை) எப்போதோ போயிருக்கும், திறந்திருந்த கோப்புகளைக் கிளையன்ட் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அந்த வேலை கோப்பு லாக் பிடித்திருந்தால் மட்டும் உத்தரவாதம் தர மாட்டேன்.

போட்டுவிட்டு உடனே அங்கலாய்க்காதே. மறு இணைப்பு முயற்சிகளுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போயிருக்கும், சில நிமிடம் பிடிக்கும்.


#16 மடிவாளா_வாசி · செவ்வாய் இரவு 10.02

.15 யாரிடமும் இல்லை, நல்லவேளை. லாக் எதுவும் பிடிக்காத வேலைதான். 9.41க்கு முகவரியை ஏற்றினேன். 9.42 ஒன்றுமில்லை. 9.43 ஒன்றுமில்லை. 9.44க்கு கெர்னல் லாகில் ஒரு வரி, சர்வரின் பெயர் போட்டு, பக்கத்தில் ‘ஓகே’.

அந்த வேலை ஞாயிறு அதிகாலையில் எழுதிக்கொண்டிருந்த கோப்பின் அளவு இப்போது ஏறிக்கொண்டிருக்கிறது. டிஎஃப் அடித்தேன், உடனே வந்தது.


#17 சில்க்போர்டு_சிக்னல் · செவ்வாய் இரவு 10.06

கரண்ட் போகாமல் இருக்க வேண்டிக்கொள்ளுங்கள். மேகம் கறுத்திருக்கிறது.


#18 அல்சூர்_அக்கா · செவ்வாய் இரவு 10.15

வேலை முடிந்ததும் அந்த மெஷினையும் புது ஐபிக்கு மவுண்ட் செய்துவிட்டு .15ஐக் கழற்ற மறக்காதே தம்பி. மறந்தால் அடுத்த வருடம் யாரோ அதை வேறு பெட்டிக்குக் கொடுப்பார்கள், அப்புறம் நீதான் இங்கே வந்து ‘ஒரே ஐபிக்கு இரண்டு பேர் பதில் சொல்கிறார்கள்’ என்று புது இழை தொடங்குவாய்.